விரலுக்குத் தகுந்த வீக்கம்

தேர்வு முடிந்து விடுமுறை வந்ததும் மிதிவண்டி வேண்டும் என்றோ, கிரிக்கெட் மட்டை வேண்டும் என்றோ பிள்ளைகள் கேட்பது எல்லா இல்லங்களிலும் உள்ளதே. ஆனால் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள கடற்கரையில் இப்பொழுது வேறொரு கோரிக்கையும் எழுகிறது. "எனக்கு ஓர் அலைச்சறுக்குப் பலகை வாங்கித் தாருங்கள்" என்று மகன் கேட்கிறான். சில வீடுகளில் மகளும் கேட்கிறாள். புதுப் பலகையின் விலையைக் கேட்ட தந்தை திகைத்து, "பழையது கிடைக்காதா?" என்று வினவுகிறார். நியாயமான வினாதான். அதற்குரிய விடையை இம்மாதம் நாம் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

இந்த ஆசை நம் கரையில் எவ்வாறு வேரூன்றியது என்பதை முதலில் நினைவுகூர்வோம். கார்மேல் அன்னை ஆலயத்தால் நம் குடும்பங்கள் நன்கறிந்த கோவளத்தில், மூர்த்தி மேகவன் என்னும் மீனவர் 2012-ஆம் ஆண்டு அலைச்சறுக்குப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அங்கு அலைச்சறுக்கு விழாவும் நடந்தது. 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீக்கின் போட்டி மாமல்லபுரத்துக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் அதே கரையில் நடந்த ஆசியப் போட்டியில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார். இத்தனையையும் அருகிருந்து பார்த்த பிள்ளைகள் பலகை கேட்பதில் வியப்பில்லை.

ஆனால் இங்குதான் முதல் தவறும் நேர்கிறது. போட்டியில் வென்றவர் எத்தகைய பலகையில் நின்றாரோ, அத்தகைய பலகையே தனக்கும் வேண்டும் என்று பிள்ளை எண்ணுகிறான். விற்பவரும் அதையே எடுத்து நீட்டுகிறார். கூர்மையான மூக்கும் மெல்லிய உடலும் கொண்ட அப்பலகை கண்ணைக் கவரும். விலையும் குறைவாகவே சொல்லப்படும். அதை வாங்கி வந்தால் ஒரே மாதத்தில் சுவரோரம் சாய்த்து வைக்கப்படும் என்பதில் ஐயமில்லை.

காரணம் எளியது. வீரர்களின் பலகை ஏறத்தாழ ஆறடி நீளமும் 19 அங்குல அகலமும் இரண்டரை அங்குலத்துக்குட்பட்ட கனமும் உடையது. அதன் கொள்ளளவு 25 முதல் 30 லிட்டர் வரைதான். ஒரு லிட்டர் இடத்தை அடைக்கும் பொருளை நீர் ஏறத்தாழ ஒரு கிலோ விசையுடன் மேலே தள்ளும் என்பதைப் பள்ளியில் படித்திருப்போம். அறுபது கிலோ எடையுள்ள புதியவர் 28 லிட்டர்ப் பலகையில் ஏறினால் அது பாதி முங்கிப்போகும். கைகளால் நீரைத் தள்ளி முன்னேறுவதே பெரும்பாடாகும். எழுந்து நிற்பது எங்ஙனம்? வல்லவர்கள் வேகத்தாலும் பயிற்சியாலும் அக்குறையை ஈடுசெய்கிறார்கள். ஆண்டுக்குப் பத்து நாள் கடலில் இறங்குபவருக்கு அந்த வேகமும் இல்லை, பயிற்சியும் இல்லை.

ஆகவே புதியவர் தேட வேண்டியது எட்டடி அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட நீளமும், 22 அங்குலத்துக்குக் குறையாத அகலமும், மூன்றங்குலக் கனமும் உள்ள பலகையே. அதன் கொள்ளளவு 60 லிட்டருக்கு மேல் இருக்கும். மேற்புறம் மெத்தென்ற நுரையால் ஆனதாயின் இன்னும் நன்று. தலையில் பட்டாலும் பிளக்காது. பள்ளிகளில் புதியவர்களுக்குக் கொடுப்பது இத்தகைய பலகையையே. பார்ப்பதற்கு அழகில்லைதான். ஆயினும் கற்பவனைத் தாங்குவது அழகன்று, அகலமே. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

வாங்குமுன் மற்றொரு கணக்கையும் தாளில் எழுதிப் பாருங்கள். ஆண்டில் எத்தனை நாள் உண்மையாகவே கடலுக்குப் போவோம்? ஐந்தாறு நாட்கள்தாம் என்றால், பள்ளிகளில் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். ஒரு பருவம் முழுவதும் வாடகைப் பலகையில் பழகி, ஆர்வம் தணியாதிருந்தால் பிறகு வாங்கலாம். சிறு பிள்ளைகளுக்கு, வயிற்றால் படுத்து அலையில் வரும் குட்டைப் பலகை போதும். 1971-இல் அமெரிக்கரான டாம் மோரி உருவாக்கிய இவ்வகைப் பலகையின் விலையும் குறைவு. அதில் எழுந்து நிற்க வேண்டிய தேவையும் இல்லை.

வாங்கியே தீர்வது என்று முடிவாயிற்று எனில், பழைய பலகையை வாங்குவதில் இழுக்கேதும் இல்லை. பள்ளிகள் தாம் பயன்படுத்திய பலகைகளைக் கழிப்பதுண்டு. நாடு திரும்பும் பயணிகள் விற்றுச் செல்வதும் உண்டு. புதியவர் எப்படியும் பலகையை மணலிலும் பாறையிலும் மோதப் போகிறார். ஆகவே முதற்காயம் ஏற்கெனவே பட்ட பலகை அவருக்கு ஏற்றதே. ஆனால் அக்காயம் வெளிக்காயமா, உட்காயமா என்று கண்டறிவது வாங்குபவர் கடமை.

இதற்கு நம் கரையோர மக்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கட்டுமரத்தில் சென்ற காலத்தில், கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே வெயிலில் உலர்த்துவார்கள். நீர் குடித்த மரம் கனக்கும், மிதவை குறையும் என்பது அவர்கள் அறிந்த உண்மை. அலைச்சறுக்குப் பலகைக்கும் அதுவே விதி. எட்டடி நுரைப்பலகை பொதுவாக 5 முதல் 7 கிலோ வரை இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் கடல்நீர் உள்ளே புகுந்திருக்கலாம் என்பதற்கு அறிகுறி. ஆகவே தராசில் வைத்துப் பாருங்கள், கூச்சம் வேண்டாம்.

அடுத்து, பலகையின் மேல் பூசியுள்ள மெழுகைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். கால் வழுக்காதிருக்கப் பூசும் மெழுகு, விரிசலையும் மறைத்துவிடும். மெழுகு நீங்கியபின் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பாருங்கள். அமுங்கி எழும் இடத்தில் மேலுறை உள்நுரையை விட்டுப் பிரிந்துள்ளது என்று பொருள். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்த பலகைக்கு இந்நோய் எளிதில் வரும். வெயிலால் மஞ்சளித்திருந்தால் அது முதுமையே, நோயன்று. பழுப்புக் கறை படிந்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. பலகையின் ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனை வரை நோக்குங்கள். குறுக்கே மடிப்புக் கோடு தெரிந்தால் நடு எலும்பு முறிந்த பலகை அது. எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடுங்கள். அடியில் சுறாவின் செதில்போல் நிற்கும் ஃபின்களையும் அசைத்துப் பாருங்கள். அவை ஆடினால் அவற்றின் குழி வழியாக நீர் இறங்கும்.

சிறு விரிசல் பெரும் குறையன்று. பலகையை நன்கு உலர்த்தி, தேய்த்து, கண்ணாடியிழைத் துணியும் ரெசினும் வைத்து அடைத்துவிடலாம். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகிவிட்டமையால், இவ்வேலை தெரிந்த கைகள் பல குப்பங்களில் உண்டு. ஆயினும் ஓர் எச்சரிக்கை. பலகையின் உள்நுரை இருவகைப்படும். பாலியூரித்தேன் நுரையாயின் படகுக்குப் பூசும் பாலியெஸ்டர் ரெசினே போதும். உள்ளே இருப்பது தெர்மாகோல் வகையாயின், அதே ரெசின் பட்டதும் நுரை கரைந்து குழி விழுந்துவிடும். அதற்கு எபாக்சி ரெசின்தான் வேண்டும். ஆகவே எந்த நுரை என்று விற்பவரிடம் கேட்டுத் தெளியுங்கள். அவருக்கே தெரியாவிட்டால் எபாக்சியையே பயன்படுத்துங்கள். அது இரண்டுக்கும் பொருந்தும்.

இதுவரை சொன்னவை பணத்தைக் காக்கும் வழிகள். இனிச் சொல்வது உயிரைக் காப்பது. பலகையையும் காலையும் பிணைக்கும் கயிறு ஒன்று உண்டு. 1971-ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் பாட் ஓநீல் என்னும் இளைஞர் ரப்பர்க் குழாயால் இத்தகைய கயிற்றைச் செய்து பயன்படுத்தினார். அதே காலத்தில் அவர் தந்தை ஜாக் ஓநீல், அளவுமீறி நீண்ட குழாய் பலகையைச் சுண்டி இழுத்து முகத்தில் அடித்ததால் இடக்கண்ணை இழந்தார். இன்றைய கயிறுகள் அவ்வாறு நீளாத திண்மையான பிளாஸ்டிக்கால் ஆனவை. எனினும் வெயிலும் உப்பும் அவற்றையும் அரிக்கும். சிறு கீறல் விழுந்த கயிறு, பெரிய அலை இழுக்கும் கணத்தில் அறும். அப்பொழுது பலகை ஒருபுறமும் பிள்ளை ஒருபுறமும் ஆவார்கள்; அறுந்த பலகை அருகில் குளிப்பவர் மேல் பாய்வதும் உண்டு. ஆகவே பலகை பழையதாக இருக்கலாம். கயிறு புதியதாகவே இருக்க வேண்டும். அதன் நீளம் பலகையின் நீளத்துக்கு ஈடாக இருக்கட்டும்.

கயிறு நம்பிக்கைக்குரியதாயினும், நீந்தத் தெரியாத பிள்ளையைப் பலகையில் ஏற்றலாகாது. மாமல்லபுரக் கடல் பார்வைக்கு அமைதியாய்த் தோன்றும். ஆனால் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் அங்கு எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. முதலில் நீச்சல், அடுத்துப் பயிற்சியாளருடன் சில நாட்கள், அதன் பின்னரே சொந்தப் பலகை என்பது முறையான வரிசை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புயற்சின்னம் எழும்போது மீனவர்களே படகைக் கரையேற்றி வைக்கிறார்கள். அவர்கள் இறங்காத நாளில் நம் பிள்ளையும் இறங்க வேண்டாம்.

பெற்றோருக்கு மேலும் ஒரு சொல். தம் பிள்ளை வீரனாக வேண்டும், பதக்கம் பெற வேண்டும் என்றெண்ணிச் சிலர் கடன் பட்டும் விலையுயர்ந்த பலகை வாங்கித் தருகிறார்கள். பிள்ளைக்கு அது விளையாட்டாக இல்லாமல் சுமையாகிவிடுகிறது. திறமையின்றி விளையாடுவதும் விளையாட்டே. இடுப்பளவு நீரில் சிற்றலையொன்று பலகையைத் தூக்கிக் கரையில் சேர்க்க, தடுமாறி எழுந்து இரு நொடி நின்றவனின் மகிழ்ச்சிக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த இரு நொடிக்கு ஏற்ற பலகை எதுவோ, அதுவே நல்ல பலகை.

ஒரு காலத்தில் பிள்ளை வளர்வான். பலகை அவனுக்குப் போதாமற்போகும், அல்லது ஆர்வம் வேறு திசையில் திரும்பும். அப்பொழுது நாமே விற்பவராவோம். எங்கே விரிசல் கண்டது, எதைக் கொண்டு அடைத்தோம், எத்தனை நாள் நீரில் கிடந்தது என்பவற்றை மறைக்காமல் வாங்குபவருக்குச் சொல்லுங்கள். மெழுகைச் சுரண்டிய பின்னரே பலகையைக் காட்டுங்கள். நூறு இருநூறு ரூபாய் குறையலாம். ஆனால் அப்பலகையில் ஏறப்போவது மற்றொரு வீட்டுப் பிள்ளை.