சத்தம் போடாத பில்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தேங்காய்ச் சட்னி பாதி அரைபடும்போது மிக்ஸி நின்றது. ஊருக்கே கரன்ட் போய்விட்டது என்று பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால், எதிர் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே மீட்டர் பெட்டியருகே ஒருவர். கையில் எங்கள் வீட்டு பீஸ் கேரியர்.

"கெடு முடிஞ்சு நாலு நாள் ஆச்சு சார். கட்டிட்டுச் சொல்லுங்க, மாட்டிடலாம்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் குரலில் ஒரு பரிதாபம் இருந்தது. காசில்லாத வீடு என்று நினைத்துவிட்டார் போல. கணக்கில் பணம் இருக்கிறது. நான் மூன்று மாதம் முன்பு கைவிட்ட பழைய நம்பருக்கு பில் தொகைக் குறுஞ்செய்தி போயிருக்கிறது. புது நம்பரைப் பதிவு செய்யாதது என் சோம்பல்.

அம்மா சமையலறையிலிருந்தே சொன்னாள்: "உங்கப்பா இருந்த வரைக்கும் இந்த வீட்டுல ஒரு தடவைகூட பீஸைப் பிடுங்கினதில்லை."

உண்மைதான். அப்பாவிடம் ஒரு கம்பி இருந்தது. அடியில் மரவட்டு, உச்சியில் கொக்கி. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். கட்டி முடித்த ரசீதுகள் அதில் குத்தி ஏறும். கட்டாதவை மேசை ரேடியோவுக்கு அடியில் கிடக்கும். ரேடியோ ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்த மாதம் சினிமா கிடையாது என்று எங்களுக்குத் தெரியும். ரீடிங் எடுக்க வருகிறவர் வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போன அன்றே, அப்பா தினசரி காலண்டர் முன்னால் நிற்பார். கட்டுவதற்கு 20 நாள் கெடு. அவர் 15 தாள் தள்ளி, அந்தத் தாளின் மூலையில் 'ஈபி' என்று எழுதிவைப்பார். தாளைக் கிழிக்கிறவர் எவராயிருந்தாலும் அது கண்ணில் பட்டே தீரும். பெரும்பாலும் கிழிப்பது நான்தான், ராசிபலன் பார்க்க.

இன்று எல்லா பில்லும் போனில்தான். வரிசையில் நிற்க வேண்டாம், சில்லறைக்கு அலைய வேண்டாம். ஆனால் மின்கட்டணச் செய்தி, ஓடிபிக்கும் புடவைத் தள்ளுபடிக்கும் நடுவில் வந்து விழுந்து, அடுத்த செய்தியில் புதைந்துபோகிறது. எத்தனை பில் சேர்ந்தாலும் போன் சாய்வதில்லை.

தானாகப் பிடித்துக்கொள்ளும்படி வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிடலாமே என்பார்கள். செய்திருக்கிறேன். 24 மணி நேரம் முன்பே தகவல் வரும். 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்பதில்லை. ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறவர்களுக்கு நல்ல ஏற்பாடு. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் நண்பனுக்கு அது சரிப்படாது. ஐந்தாம் தேதி கையில் என்ன இருக்கும் என்று நான்காம் தேதி இரவுவரை அவனுக்கே தெரியாது. பணம் இல்லாமல் வங்கி திருப்பியனுப்பினால் அதற்கொரு தண்டம் வேறு. அவனுடைய கணக்கு நேரடியானது: யார் முதலில் சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்கு முதலில். ஸ்கூல் வேன், கடை வாடகை, கரன்ட். இன்சூரன்ஸ் பிரீமியம் கடைசி.

அப்படித்தான் அவனுடைய பாலிசி காலாவதியானது. ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அது முடிந்ததும் யாரும் வந்து எதையும் பிடுங்கவில்லை. வீட்டில் விளக்கு எரிந்தது, சட்னி அரைபட்டது. எட்டு மாதம் கழித்து வேறெதையோ தேடும்போதுதான் பார்த்திருக்கிறான். நல்லவேளை, அந்த எட்டு மாதத்தில் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதைக் கேட்ட பிறகு பீஸ் பிடுங்கியவர் மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது. நாலே நாளில் நேரில் வந்து சொன்னாரே! குடும்பத்தைக் கவிழ்ப்பது சத்தம் போடாத பில்தான். இன்சூரன்ஸ், வண்டிக் காப்பீடு, வீட்டு வரி. அதிலும் வீட்டு வரியைப் போல் சாதுவைப் பார்க்க முடியாது. அரையாண்டுக்கு ஒருமுறை கேட்கும். முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 31க்குள் நம் நகராட்சி, மாநகராட்சிகளில் கட்டினால், 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய்வரை நமக்கே விட்டுக்கொடுக்கும். விட்டுக்கொடுப்பதையும் வாய்விட்டுச் சொல்லாது. எத்தனை ஏப்ரலை விட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

நம்பரை அன்றே மாற்றிவிட்டேன். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் தினசரி காலண்டர் ஒன்று மாட்டியாகிவிட்டது. கிழிக்கும் பொறுப்பு அம்மாவுக்கு. ஈபியைக் கறுப்பு மையில் எழுதுகிறேன். ஊமை பில்களைச் சிவப்பில். அப்பாவின் கம்பி பரண்மேல் கிடைத்தது, 1994ஆம் வருட ரசீதுகளோடு. அவற்றைக் கழற்ற மனம் வரவில்லை.

அக்டோபர் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. உங்கள் வீட்டு வரி என்ன ஆயிற்று?