தூர்த்த கிணறும் தொலைதூரக் குழாயும்

மழைக்காக மன்றாடுமாறு இறைமக்கள் நம்மைக் கேட்பது வழக்கம். 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலும் கேட்டார்கள். திருப்பலியில் சிறப்பு மன்றாட்டுச் சேர்த்து, முழந்தாளிட்டு வேண்டினோம். வேண்டி முடித்துக் கோயிலை விட்டு வெளியே வந்தபோது, வளாகம் முழுவதும் பதித்திருந்த சிமெண்டுக் கற்கள் வெயிலில் தகித்துக்கொண்டிருந்தன. அத்தரையில் விழும் மழையில் ஒரு துளியும் மண்ணுக்குள் இறங்காது. சரிவாக ஓடி, வாயிலைக் கடந்து, தெருச் சாக்கடையில் போய்ச் சேரும். கேட்டதை ஆண்டவர் அன்றைக்கே கொடுத்திருந்தாலும் அதை வாங்கி வைக்க நம்மிடம் பாத்திரம் இல்லை. பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையேந்துகிறவனை என்னவென்று அழைப்பது?

அந்தக் கேள்வி அன்று தொட்டு நம்மை விடவில்லை. அதை இன்று வாசக அன்பர்கள் முன் வைக்கிறோம். மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழ்கிற, வழிபடுகிற நாம் எல்லாரும் இதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

மழையா பொய்த்தது?

தண்ணீர்ப் பஞ்சம் வரும்போதெல்லாம் ஒரே வாசகம் நம் வாயில் தயாராக இருக்கிறது: "மழை பொய்த்துவிட்டது." 2018இல் வடகிழக்குப் பருவமழை குறைந்தது உண்மையே. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அடுத்த கோடையில் வறண்டு வெடித்ததும் உண்மையே. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். சென்னையில் சராசரியாக ஓராண்டில் 1,300 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. இலண்டனில் பெய்வது ஏறக்குறைய 600. எருசலேமில் ஏறக்குறைய 550. அந்த எருசலேமின் மக்கள் பாறையைக் குடைந்து தொட்டிகள் அமைத்து, கூரையில் விழுந்த மழையை அதில் சேர்த்து வைத்தே கோடையைக் கடந்தனர். அவர்களுக்குக் கிடைத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பெற்றுக்கொண்டு, நாம் வானத்தின்மேல் வழக்குத் தொடுக்கிறோம்.

வானம் நிரபராதி என்பதற்கு வேறு சாட்சியும் உண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை புரண்டது. சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. அந்தப் பருவத்து வெள்ளத்தில் தமிழகத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதற்குப் பின் நான்கு ஆண்டுகள்கூட நிறைவடையாத நிலையில், அதே நகரத்துக்கு ஜோலார்பேட்டையிலிருந்து, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து, ரயிலில் குடிநீர் வந்தது. 2019 ஜூலை 12ஆம் நாள் முதல் ரயில் வந்தபோது அதற்கு மாலையிட்டு வரவேற்றோம். நாம் வெட்கப்பட்டிருக்க வேண்டிய நாள் அது.

தூரம், இன்னும் தூரம்

இந்நகரத்தின் நீர் வரலாற்றைப் புரட்டினால் ஒரே போக்கு தெரிகிறது. 1772இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் குடிநீர் தர அருகிலேயே ஏழு கிணறுகள் வெட்டினர். அப்பகுதிக்கு இன்றும் அதுவே பெயர். நூறு ஆண்டுகள் கழித்து, 1872இல், கொசஸ்தலையாற்று நீரைத் தாமரைப்பாக்கத்தில் மறித்துச் சோழவரம், செங்குன்றம் ஏரிகளில் தேக்கித் திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்துக்குக் கொணர்ந்தனர். வடிகட்டாத அந்த நீரையே மக்கள் குடித்தனர்; 1914இல்தான் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் இயங்கத் தொடங்கின. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தது. அதற்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. 1983இல் கிருஷ்ணா நீருக்கு ஆந்திரத்தோடு ஒப்பந்தம். ஆண்டுக்கு 12 டி.எம்.சி. எல்லைக்கு வர வேண்டும். முதல் நீர் வந்தது 1996இல். பெரும்பாலான ஆண்டுகளில் அந்த அளவு வந்து சேரவில்லை. முந்தைய வீராணம் திட்டம் கைவிடப்பட்டு, அதற்கென வார்த்த பெருங்குழாய்கள் சாலையோரங்களில் கிடந்து, வீடற்ற ஏழைகளின் வீடாயின. 2004இல் புதிய வீராணம் திட்டம் கடலூர் மாவட்டத்து ஏரியின் நீரைக் கொண்டுவந்தது. பின்னர்க் கடலிடமே போனோம்: 2010இல் மீஞ்சூர், 2013இல் நெம்மேலி, 2024இல் நெம்மேலியில் இரண்டாவது ஆலை.

இம்முயற்சிகளில் உழைத்தோரை நாம் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் தந்த நீரைக் குடித்தே உயிர் வாழ்கிறோம். ஆனால் ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையைவிடத் தூரமாகக் கை நீட்டியிருக்கிறது. தூரத்து நீரைக் கொணர்ந்த அதே கை, அருகிலிருந்த நீரை என்ன செய்தது என்பதே நம் கேள்வி.

அருகில் இருந்ததை என்ன செய்தோம்?

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கிப் பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பேரேரி கிடந்தது. ஆங்கிலேயர் அதை 'நீண்ட ஏரி' என்னும் பொருள்படவே அழைத்தனர். 1920களில் அந்த ஏரியை வடித்து, நிலத்தை மனைகளாக்கித் தியாகராய நகரை எழுப்பினர். மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலையில் இன்று நின்று பாருங்கள். பெயர் இருக்கிறது, ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் எஞ்சியிருந்த ஏரியும் 1970களில் தூர்க்கப்பட்டது. 1976இல் வள்ளுவர் கோட்டம் அங்கே எழுந்தது. நீரின்றி உலகு அமையாது என்று நமக்குக் கற்பித்தவருக்கு, ஏரியைத் தூர்த்த இடத்திலா நினைவுச் சின்னம்?

2021 நவம்பர் மழையில் தியாகராய நகரின் தெருக்களில் நாள்கணக்கில் நீர் தேங்கியபோது, "வடிகால் சரியில்லை" என்று எல்லாரும் ஏசினோம். வடிகால் சரியில்லைதான். ஆயினும் ஏரியின் அடிவயிற்றில் வீடு கட்டியவர், மழைக்காலத்தில் ஏரி வந்துவிட்டதென்று புகார் சொல்வதில் என்ன நியாயம்?

மயிலையிலும் அடையாற்றிலும் கதை வேறு. அங்கே மண்ணே ஏரி. கடலோர மணற்பரப்பு மழையை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும். நன்னீர் எடை குறைந்தது. ஆகவே உப்புநீரின்மேல் அது மிதந்து நிற்கும். நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம்வரை உப்புநீரை அது அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலநீர் ஆய்வாளர்கள் கண்ட விதி. இதை மறுபுறமாகவும் படிக்க வேண்டும்: ஓரடி நீரை நாம் மிகையாக இறைத்தால், கீழிருந்து நாற்பது அடி உப்பு ஏறி வரும். ஆழ்குழாய்க் கிணறு போட்டு, மோட்டார் வைத்து, போட்டி போட்டு இறைத்த தெருக்களில் நேர்ந்தது இதுவே. நாம் கடலைக் குறை சொல்கிறோம். கடலை அழைத்து வந்தவர் யார்?

யார் முதலில் குடிப்பது?

இனி, நீதியைப் பற்றிப் பேசுவோம். பஞ்சம் எல்லாரையும் ஒன்றுபோல் வாட்டுவதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைக்கடியில் சம்ப் உண்டு, மாடியில் தொட்டி உண்டு, அழைத்தால் தனியார் லாரி வரும். அதே தெருவின் கோடியில் உள்ள குடிசைப் பகுதிக்கு ஒரு அடிபம்பு. அதன் முன் விடியுமுன்னே வரிசை கட்டி நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள். காலி வயிற்றோடு குடம் சுமப்பவர் பெண்களும் சிறுமியருமே. பள்ளிக்கூடம் பிந்திப் போவதும், கூலி வேலையை இழப்பதும் அவர்கள் கட்டும் தண்ணீர் வரி.

லாரியில் வரும் நீர் எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்டதுண்டா? நகருக்கு வெளியே உள்ள சிற்றூர்களின் வயற்கிணறுகளிலிருந்து வருகிறது. விற்கிறவர் ஒரு விவசாயி. வற்றிப்போவதோ அக்கம்பக்கத்து எல்லார் கிணறும். மீஞ்சூர்ப் பகுதியில் நகரத்துக்காகப் பல ஆண்டுகள் நிலத்தடி நீரை இறைத்தோம். கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்து, அங்குள்ள கிணறுகள் உப்பாயின. இறுதியில் அதே மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க ஆலை கட்டினோம். நிலத்தடி நீரை முறைப்படுத்தச் சென்னைக்கென 1987இலேயே தனிச்சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. மோட்டார் இரவில் ஓடுகிறது.

தன் வீரர் மூவர் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த பெத்லகேம் கிணற்று நீரைத் தாவீது குடிக்க மறுத்து, ஆண்டவர் திருமுன் ஊற்றிவிட்டார். பிறர் உயிரின் விலை அதிலிருக்கிறதென்று அவர் கண்டார். நம் தொட்டியில் விழும் லாரி நீரிலும் ஒரு விலை இருக்கிறது. பில்லில் காணப்படும் தொகை மட்டும் அதன் விலையன்று.

ஒரு பாவ அறிக்கை

பிறரைக் குற்றம் சாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. தென்சென்னையில் நாம் பணியாற்றிய ஒரு பங்கில், கோயிலின் பின்புறம் பழைய உறைகிணறு ஒன்று இருந்தது. குப்பை விழுகிறது, கொசு வளர்கிறது, சிறுவர் தவறி விழக்கூடும் என்று பங்குப் பேரவையில் பேசினார்கள். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது, தேர்ப்பவனிக்கு இடம் தேவைப்பட்டது. கட்டட இடிபாடுகளைக் கொட்டிக் கிணற்றைத் தூர்க்க நாமே ஒப்புதல் அளித்தோம். அதன்மேல் சிமெண்டுக் கல் பதித்தோம். எல்லாரும் வளாகம் அழகாக இருக்கிறதென்று பாராட்டினார்கள், நாமும் மகிழ்ந்தோம்.

2019இல் குழாய் வற்றியது. விலைக்கு லாரி நீர் வாங்கினோம். ஒரு மாலை அருகிலிருந்த குடிசைப் பகுதிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் குடங்களோடு வாயிலில் வந்து நின்றார்கள். அவர்களுள் நம் அன்பியத்தைச் சேர்ந்தோரும் இருந்தனர். "சாமி, ஆளுக்கு ஒரு குடம்" என்றார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் ஊரே வருமே என்று அஞ்சினோம். நாளை பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினோம். அவர்கள் முணுமுணுக்கவில்லை, காலிக் குடங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினார்கள். அவர்களுள் வயதில் மூத்த அம்மா ஒருவர் மட்டும், "முன்னெல்லாம் இங்கே கிணறு இருந்துச்சே சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு செபப் புத்தகத்தைத் திறக்க நமக்குக் கை எழவில்லை.

ஆபிரகாம் காலத்தில் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்ணிட்டு மூடினர் என்றும், ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டித் தந்தை இட்ட பெயர்களையே இட்டார் என்றும் தொடக்கநூல் கூறுகிறது. அப்பகுதியைப் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். எப்போதும் நம்மை ஈசாக்கின் பக்கமே நிறுத்தி விளக்கியிருக்கிறோம். அன்றுதான் தெரிந்தது, நாம் பெலிஸ்தியர் பக்கம் நின்றவர் என்று.

மறுப்பும் விடையும்

"கோடிப் பேர் வாழும் பெருநகருக்குக் கிணறும் குட்டையும் போதுமா, சாமி?" என்று சிலர் கேட்பார்கள். போதா. தூரத்து ஏரியும் கடல்நீர் ஆலையும் வேண்டா என்பது நம் வாதமன்று. அவற்றை மட்டும் நம்பி, காலடி நீரைக் கொல்லாதீர் என்பதே நம் வாதம். குழாய் நீர் பெருக வேண்டும்; அது முதலில் குடிசைக்குப் போய்ச் சேர வேண்டும். வசதியுள்ளோர் தம் கூரை நீரைச் சேமித்தால், அந்த அளவுக்குப் பொது நீர் ஏழைக்கு மிஞ்சும்.

அது எவ்வளவு என்று கேட்கிறீர்களா? ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. 1,300 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஒரு கிரவுண்டில் ஓராண்டில் விழுவது ஏறக்குறைய 2 லட்சத்து 90 ஆயிரம் லிட்டர். பத்து கிரவுண்டு உள்ள ஒரு கோயில் வளாகத்தில் 29 லட்சம் லிட்டர். ஜோலார்பேட்டை ரயில் ஒரு நடையில் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். அன்பர்களே, ஒவ்வோர் ஆண்டும் நம் வளாகத்துக்கு ஒரு தண்ணீர் ரயிலுக்கு மேல் வந்து நிற்கிறது. நாம் அதைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு மழைக்காக மன்றாடுகிறோம். விழுவது முழுவதும் நிலத்தில் இறங்காது என்பது மெய்யே. பாதி இறங்கினாலும் குறைவா?

இது வெறுங்கனவும் அன்று. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தபோது மக்கள் முணுமுணுத்துக்கொண்டே செய்தார்கள். அடுத்து வந்த நல்ல மழையில் கிணற்று நீர் உயர்ந்ததை மயிலையிலும் அடையாற்றிலும் பலரும் கண்ணாரக் கண்டனர். பிறகு? குழாயில் இலை அடைத்தது. குழியில் மண் மூடியது. யாரும் திறந்து பார்க்கவில்லை.

செய்ய வேண்டியவை

நம் கோயில்களிலும் பள்ளிகளிலும் இல்லங்களிலும் தூர்த்த கிணறுகள் எத்தனை என்று ஒவ்வொரு பங்குப் பேரவையும் கணக்கெடுக்கட்டும். திறக்க முடிந்ததைத் திறக்கட்டும். மேலே உறுதியான கம்பி வலை போடட்டும். கூரை நீரை அதற்குள் விடட்டும். மணற்பாங்கான இடமாயின் சிமெண்டுக் கற்களைப் பெயர்த்து மண்ணை மூச்சுவிட வைக்கட்டும்; களிமண்ணாயின் ஆழக் கசிவுக் குழி தோண்டட்டும். தேர் மண்ணிலும் ஓடும். நம் பாட்டன்மார் காலத்தில் ஓடியது. ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் குழிகளைத் தூர்வாரும் பணியை இளையோர் ஏற்கட்டும். வளாகச் சுவரின் வெளிப்புறத்தில், தெருவைப் பார்த்து, ஒரு குழாய் வைக்கட்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் லாரி கேட்காமல், எஞ்சியுள்ள ஏரிக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் காவல் கேட்போம். குடிநீர் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2010இல் ஏற்றது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் அதையே வலியுறுத்தினார். அந்த உரிமை நம் வாயிற்கதவில் தடைபடலாகாது.

சைதாப்பேட்டைச் சின்னமலையில், தாகத்தோடு வந்த மக்களுக்காகப் புனித தோமையார் பாறையைத் தட்ட நீர் சுரந்தது என்பது நம் மரபு. அந்தச் சுனை நீரை அருமருந்தெனப் புட்டியில் எடுத்துச் செல்கிறோம். அவர் அந்த நீரை யாருக்காகக் கேட்டார் என்பதை மறந்துவிட்டோம். பாறையிலிருந்து நீர் கேட்ட திருத்தூதரின் ஊரில், மண்ணிலிருக்கும் நீரைச் சிமெண்டால் மூடியவர்கள் நாம்.

நாம் தூர்த்த அந்தக் கிணறு இன்னும் அந்தக் கற்களின் அடியில்தான் இருக்கிறது. இப்போது அங்கே பணியாற்றும் அருட்தந்தைக்கு எழுதியிருக்கிறோம். பேரவையில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். திருவிழா முடிந்த பிறகு பார்க்கலாம் என்று சிலர் சொல்கிறார்களாம். அடுத்த பருவமழை நம் திருவிழாவுக்காகக் காத்திராது.