ஒரு சட்டியும் ஓர் அடுப்பும்

தலைநகரிலே வாழும் தமிழ்க் குடும்பங்களின் இராச் சாப்பாட்டைப் பற்றி இவ்வாரம் சிறிது சிந்திப்போம். காரியாலயம் முடிந்து, காலி வீதியின் வாகன நெரிசலைக் கடந்து, வெள்ளவத்தையிலுள்ள தம் வீட்டை ஒரு பெண்மணி அடையும்போது மணி ஏழாகிவிடுகிறது. அதன் பின்னரே சோறு வைக்கவேண்டும். கறி இரண்டு ஆக்கவேண்டும். சம்பல் ஒன்று அரைக்கவேண்டும். எல்லோரும் உண்டெழுந்த பின் கழுவுவதற்கு நான்கு சட்டிகள் காத்திருக்கும். கொட்டாஞ்சேனையிலும் இதே கதைதான். இனி, யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் படிப்பின் பொருட்டு வந்து, வாடகை அறைகளில் ஒற்றை அடுப்புடன் காலந்தள்ளும் மாணவரின் நிலையோ வேறு. அவர்களுக்குப் பெரும்பாலும் கொத்துரொட்டிப் பொட்டலமே இராப்போசனம்.

இவ்விரு சாராருக்கும் உதவக்கூடிய ஒரு சமையலை இன்று எடுத்துக்கொள்வோம். கொத்திய இறைச்சியை உருண்டைகளாக்கிப் பொரித்து, தக்காளிக் குழம்பிலிட்டு, அதே குழம்பில் மக்கரோனியையும் வேகவைத்து இறக்கும் கிரேக்க முறைச் சாப்பாடு அது. அடுப்பு ஒன்று, சட்டி ஒன்று, நேரம் முக்கால் மணி. கழுவவேண்டியதும் அந்த ஒரு சட்டிதான்.

“கிரேக்கர் உணவு நமக்கு எதற்கு?” என்று பெரியோர் வினவுவர். வினா நியாயமானதே. ஆயினும் இவ்வுணவின் பூர்வீகத்தை ஆராய்ந்தால் அது நமக்கு அத்துணை அந்நியமன்று என்பது விளங்கும். இறைச்சி உருண்டையைக் கிரேக்கர் கெவ்தேதெஸ் என்பர். அச்சொல் துருக்கியரின் கொவ்தே என்பதிலிருந்து வந்தது. அதுவோ இடித்தல் என்னும் பொருள்கொண்ட பாரசீகச் சொல்லின் வழியது. வட இந்தியாவின் கோவ்தாவும் அதே குடும்பம். தமிழகத்தில் கோலா உருண்டை என்று பெயர் பெற்றிருப்பதும் கொத்திறைச்சியை அரைத்து உருட்டிப் பொரிப்பதுதான். நம் கொழும்பு மாநகரிலேயே, ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் லம்ப்ரைஸ் என்னும் வாழையிலைப் பொட்டலத்துள், சோற்றுக்கும் கறிக்கும் கத்தரிக்காய்க்கும் அருகே, பிரிக்கடல் என்னும் சிறு இறைச்சி உருண்டைகளை வைத்து வேகவைத்து உண்டு வருகின்றனர். எனவே உருண்டை நமக்குப் புதிதன்று. அதனோடு சேரும் மாவுணவே புதிது.

இவற்றுள் நாம் இன்று பின்பற்றப்போகும் வகைக்கு ஒரு துயரக் கதையும் உண்டு. சின்ன ஆசியாவின் கரையிலே, இன்று இஸ்மீர் எனப்படும் சிமிர்னா நகரில் கிரேக்கர் பலர் நெடுங்காலம் வாழ்ந்தனர். 1922ஆம் ஆண்டில் போரினாலும் தீயினாலும் அந்நகரம் அழிந்தது. மறு ஆண்டு லோசானில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி கிரேக்க நாட்டுக்கும் துருக்கிக்குமிடையே மக்கள் பரிமாறப்பட்டனர். 10 இலட்சத்துக்கும் அதிகமானோர் அகதிகளாகக் கிரேக்க நாட்டை அடைந்தனர். வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தவர்கள் தங்கள் சமையலை மாத்திரம் விடாது கொண்டுவந்தனர். சீரகமும் உள்ளியும் சேர்த்து நீளுருண்டையாகப் பிடித்துத் தக்காளிக் குழம்பில் இடும் சுட்சுகாக்கியா என்னும் உணவு அவ்வாறு வந்ததே. இன்று அது கிரேக்கரின் பொதுச் சொத்தாகிவிட்டது. ஊர்விட்டு ஊர் பெயர்ந்த துன்பத்தை அறிந்த நம்மவருக்கு இச்செய்தியை விளக்கவேண்டியதில்லை. வெள்ளவத்தைக் கடைகளில் ஒடியல் மாவும் பனங்கட்டியும் விற்பனையாவதன் காரணமும் அதுதானே?

ஒரே சட்டியில் எல்லாவற்றையும் இட்டுச் சமைப்பது நோயாளிக்கும் அவசரத்துக்கும் உரியது என்று கருதுவோரும் உளர். அப்படியாயின் நம் கூழை என்னென்பது? மீனும் இறாலும் பயற்றங்காயும் மரவள்ளியும் ஒடியல் மாவும் ஒரே பானையில் கூடி வேகும் யாழ்ப்பாணத்துக் கூழை விருந்து என்றே சொல்கிறோம். தைத் திருநாளின் பொங்கலும் ஒரே பானையில் ஆவதுதான். கிரேக்கரிடத்தும் இம்முறை பழையதே. இறைச்சியோடு கிறிதராக்கி என்னும் அரிசி வடிவான மாவுணவைச் சேர்த்து வேகவைக்கும் யுவெட்சி என்ற உணவுக்கு, அதைச் சமைக்கும் மண்சட்டியின் துருக்கிப் பெயரே பெயராயிற்று.

இனிச் சமையலுக்கு வருவோம். நால்வருக்குப் போதுமான அளவு கூறுகிறோம்.

உருண்டைக்கு: எலும்பு நீக்கிக் கொத்திய ஆட்டிறைச்சி அல்லது கோழியிறைச்சி 400 கிராம், பாண் துண்டு 2, துருவிய சிறு வெங்காயம் 1, நசுக்கிய உள்ளி 3 பல், வறுத்துப் பொடித்த நற்சீரகம் 1 தேக்கரண்டி, மிளகுதூள் அரைத் தேக்கரண்டி, கறுவாத்தூள் ஒரு சிட்டிகை, உப்பு 1 தேக்கரண்டி.

குழம்புக்கு: எண்ணெய் 3 மேசைக்கரண்டி, வெங்காயம் 1, உள்ளி 3 பல், நன்கு பழுத்த தக்காளி 400 கிராம், கறுவாப்பட்டை ஒரு சிறு துண்டு, சிறிய மக்கரோனி அல்லது ஓரங்குல நீளத்துக்கு முறித்த ஸ்பகெட்டி 250 கிராம், தண்ணீர் 600 மில்லிலீற்றர், அளவான உப்பு. இறக்கும்போது சேர்க்கத் தேசிக்காய்ப் பாதியும் சிறிது புதினாவும். கிரேக்கர் இடும் ஓரிகானோ இலை கிடையாவிட்டால், வீட்டுச் சாடியில் வளரும் கற்பூரவள்ளி இலை ஒன்றை மிகப் பொடியாக அரிந்து சேர்க்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே மணமுடையன. கற்பூரவள்ளி சற்றுக் காட்டமானது, ஆகவே ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

பாணைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உதிர்த்து, உருண்டைக்குரிய ஏனையவற்றோடு சேர்த்துப் பிசைக. பாண் சேர்ப்பது சிக்கனத்துக்காக மாத்திரமன்று. இறைச்சி சூடேறும்போது அதன் புரதம் இறுகித் தன் நீரை வெளியே தள்ளும். இடையிலுள்ள பாண் அந்நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உருண்டை மிருதுவாகிறது. நெடுநேரம் அழுத்திப் பிசைந்தால் உருண்டை ரப்பர் போலாகிவிடும், கலந்தவுடன் நிறுத்திவிடுக. கையை நனைத்துக்கொண்டு, சிறு தேசிக்காயளவில் 20 உருண்டைகள் வரை பிடிக்கலாம்.

அடிகனத்த அகன்ற சட்டியில் எண்ணெயைக் காயவைத்து, உருண்டைகளை இரண்டு தடவையாக இட்டு, எல்லாப் பக்கமும் சிவக்கும்வரை புரட்டி எடுத்துத் துப்புரவான தட்டில் வைக்க. பச்சை இறைச்சி இருந்த தட்டு இதற்கு ஆகாது. உள்ளே இன்னும் வேகாதிருப்பினும் கவலையில்லை; பின்னர் வேகும். அதே எண்ணெயில் வெங்காயத்தையும் உள்ளியையும் வதக்கி, அரிந்த தக்காளியையும் கறுவாப்பட்டையையும் சேர்த்து, தக்காளி கரையுமட்டும் கிளறுக. சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பை அகப்பையால் சுரண்டிக் குழம்போடு கலந்துவிடுக. சுவையெல்லாம் அங்கேயே இருக்கிறது. தண்ணீரையும் உப்பையும் சேர்த்துக் கொதித்ததும் மக்கரோனியைக் கொட்டி, அதன்மேல் உருண்டைகளை அடுக்கி, மூடி, நெருப்பைக் குறைத்துவிடுக. 10 முதல் 12 நிமிடம் போதும். இடையில் இருமுறை மூடியைத் திறந்து, அடிப்பிடியாதபடி மெல்லக் கிளறவேண்டும். நீர் வற்றி மக்கரோனி வேகாதிருந்தால் அரைக் கோப்பை கொதிநீர் வார்க்கலாம். உருண்டை ஒன்றைப் பிளந்து, நடுவிலும் சிவப்பு நிறம் இல்லையென்று கண்ட பின்னரே இறக்குக. முழு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்புறத்தில் மாத்திரம் இருக்கும். கொத்திய இறைச்சியிலோ அவை உள்ளெங்கும் கலந்துவிடுகின்றன. ஆகவே இவ்விடயத்தில் அவசரம் கூடாது. இறக்கியபின் 5 நிமிடம் மூடியபடியே விட்டு, தேசிக்காய்ப் புளியும் புதினாவும் சேர்த்துப் பரிமாறலாம்.

வழக்கமான முறையில் 250 கிராம் மக்கரோனியை இரண்டரை லீற்றர் தண்ணீரில் அவித்து, அத்தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுவர். அதனுடன் மக்கரோனியிலிருந்து கரைந்த மாப்பொருளும் போய்விடும். நம் முறையில் தண்ணீர் 600 மில்லிலீற்றரே. மாப்பொருளும் குழம்பிலேயே தங்கி அதைத் தடிப்பாக்குகிறது. கொதிக்கவைக்கவேண்டிய நீர் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைவதால் எரிவாயுவும் மிச்சம். இந்த மிச்சத்தைக் கொழும்பு வாசிகள் அற்பமென எண்ணமாட்டார்கள். 2021ஆம் ஆண்டு ஒக்டோபரில் விலையேறுமுன் 1,493 ரூபாவாயிருந்த 12.5 கிலோ சமையல் எரிவாயுச் சிலிண்டர், 2022 ஏப்ரிலில் 4,860 ரூபாவுக்கு உயர்ந்ததையும், அவ்விலை கொடுக்க ஆயத்தமாயிருந்தவர்களும் வெறுஞ் சிலிண்டருடன் வீதியோரத்தில் வரிசையில் நின்றதையும் யார் மறப்பர்? மாடி வீடுகளில் விறகெரிக்க இடமின்றிக் குடும்பங்கள் தவித்த அந்நாட்களில், ஓர் அடுப்பில் ஒரு சட்டியில் சமைப்பதன் அருமை எல்லோருக்கும் விளங்கிற்று. நெருக்கடி நீங்கியவுடன் அப்பாடத்தையும் நீக்கிவிடவேண்டுமா?

வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் நம் வீடுகளில் மச்சம் புழங்காத நாட்கள். அந்நாட்களுக்கும் வழியுண்டு. கிரேக்கத் திருச்சபையாரும் மரபுப்படி புதனும் வெள்ளியும் இறைச்சி விலக்குபவர்களே. சிவ்னொஸ் முதலிய தீவுகளில் அவர்கள் கொண்டைக்கடலையை அரைத்து உருண்டையாக்கிப் பொரிப்பர். நாமும் அவ்வாறே, ஓரிரவு ஊறிய கடலையை நீர் வடித்துக் கொரகொரப்பாக அரைத்து, நற்சீரகமும் உப்பும் சேர்த்து, வடைபோல் தட்டையாகத் தட்டிப் பொரித்தெடுக்கலாம். விரத நாளில் வெங்காயமும் உள்ளியும் விலக்குவோர் அவற்றையும் விடலாம். கடலை உருண்டைகளைக் குழம்பில் வேகவிடாது, இறக்கும்போது மேலே வைத்தால் கரையாமல் இருக்கும்.

இச்சாப்பாட்டின் குறைகளையும் மறைக்கலாகாது. மக்கரோனி மறுநாளைக்கு ஆகாது; குழம்பை எல்லாம் உறிஞ்சி ஊதிப்போகும். இரவில் மிஞ்சிய சோற்றுக்கு நீரூற்றிவைத்துக் காலையில் பழஞ்சோறாக உண்ணும் வசதி இதற்கில்லை. ஆட்டிறைச்சியின் விலையோ எல்லோருக்கும் எட்டுவதன்று. அவ்விடத்து இறைச்சியை 250 கிராமாகக் குறைத்து, பாணை ஒரு துண்டு கூட்டி, அவித்து மசித்த உருளைக்கிழங்கு ஒன்றும் சேர்க்கலாம். சிறிதளவு இறைச்சியைப் பலருக்குப் பங்கிடவே உருண்டை என்னும் உபாயம் பல நாடுகளிலும் பயன்பட்டு வந்திருக்கிறது. ஆகவே சோற்றையும் கறியையும் இது அகற்றிவிடும் என்று யாரும் அஞ்சவேண்டியதில்லை. வாரத்தில் ஓரிரவு இதற்குக் கொடுத்தால் போதும்.

அந்த ஓரிரவை யாருக்குக் கொடுப்பது என்பதே நாம் சொல்லவந்த விடயம். நம் சமையல் சுவையானது. ஆனால் அதன் பாரம் பெரும்பாலும் ஒருவர் தோளிலேயே இருக்கிறது. கறிக்கு உப்புக் குறைந்ததைக் கண்டுபிடிக்கும் வீட்டார், அக்கறியை ஆக்கியவர் எத்தனை மணிக்கு உண்டார் என்பதைக் கவனிப்பதில்லை. நான்கு சட்டிச் சமையலில் பிறருக்கு இடமில்லை. பழகிய கைதான் வேண்டும். ஒரு சட்டிச் சமையலிலோ பத்து வயதுப் பிள்ளை உருண்டை பிடிக்கலாம். தகப்பனார் வெங்காயம் அரியலாம். பல்கலைக்கழகம் செல்லும் மகன் அடுப்பைப் பார்த்துக்கொள்ளலாம். மூடியபின் கிடைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் தாயார் உட்கார்ந்து பத்திரிகை வாசிக்கலாம். பின்பு எல்லோரும் ஒருங்கே அமர்ந்து சூட்டோடு உண்ணலாம்.

மாணவருக்கு ஒரு வார்த்தை. வாடகை அறையில் இருவர் மூவராகச் சேர்ந்து இருப்பவர்கள் செலவைப் பங்கிட்டு இதைச் செய்து பாருங்கள். சமைக்கத் தெரிந்தவன் பட்டினி கிடப்பதில்லை. பிறர் சமைத்ததைக் குறை கூறுவதும் அவனுக்கு எளிதில் வராது. விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது ஒருநாள் அம்மாவை விறாந்தையில் இருத்திவிட்டு நீங்களே குசினிக்குள் சென்று ஆக்கிக் கொடுங்கள். உப்புச் சற்றுக் கூடியிருந்தாலும் அவர் சொல்லமாட்டார்.