முதற் பருவத்திலேயே சிந்தியுங்கள்



பிள்ளைக்குச் செஜெப் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. பல்கலைக்கழகத்தைப் பற்றி இரண்டாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அது காலம் கடந்த சிந்தனை. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் ‘ஆர் ஸ்கோர்’ முதற் பருவத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. விண்ணப்பத்தின் இறுதி நாளோ பொதுவாக மார்ச் 1. பொறியியலை நாடும் பிள்ளை அதற்குரிய கணிதத்தையும் இயற்பியலையும் செஜெப்பில் கற்காதிருந்தால், வேறு பாடங்களில் பெற்ற உயர்ந்த புள்ளிகள் அக்குறையை ஈடுசெய்யா.

மொன்றியல் துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கப்பல், வழிகாட்டி மாலுமியை ஆற்றிலேயே ஏற்றிக்கொள்கிறது. கடலைக் காணும்வரை காத்திருப்பதில்லை. பிள்ளைகளும் கல்லூரியின் கல்வி ஆலோசகரை முதற் பருவத்திலேயே சந்திக்கட்டும். அதற்கு முன், அயலவர் பிள்ளை எத்துறையில் சேர்ந்தது என்று பாராமல், உங்கள் பிள்ளை எதை விரும்புகிறது என்று அமர்ந்து கேளுங்கள். அந்த உரையாடலே முதல் விண்ணப்பம்.