கடல்பாசிக்குள் ஒரு மருந்துக்கடை: கணக்கில் சேர்ப்போமா?

கடல்பாசியில் பூஞ்சை இருக்கிறது என்றால், ‘அப்போ அது கெட்டுப்போன பாசிதானே?’ என்றுதான் கேட்கத் தோன்றும். அப்படியில்லை. நல்ல ஆரோக்கியமான பாசியின் உடலுக்குள்ளேயே, நோய் எதுவும் தராமல் பல வகைப் பூஞ்சைகள் குடியிருக்கின்றன. சென்னையைச் சேர்ந்த பூஞ்சையியல் ஆய்வாளர் டி.எஸ்.சூரியநாராயணன் குழுவினர், தமிழகக் கடலோரப் பாசிகளிலிருந்தே இவற்றைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள்.

சரி, இதனால் நமக்கு என்ன லாபம்? பாசியின் செல்சுவர் ஆல்ஜினேட், அகார் போன்ற பொருட்களால் ஆனது. அதற்குள் வாழும் பூஞ்சைக்கு அவற்றைக் கரைக்கும் நொதிகள், அதுவும் உப்பிலும் வேலை செய்யும் நொதிகள் கைகொடுக்கும். துணி, காகிதம், உணவு எனப் பல தொழில்களுக்கு இத்தகைய நொதிகள் தேவைப்படுகின்றன.

இன்னொன்று, எல்-அஸ்பராஜினேஸ். குழந்தைகளுக்கு வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு இந்த நொதிதான் முக்கிய மருந்துகளில் ஒன்று. புற்றுசெல்லுக்குத் தேவையான அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தை இது சிதைத்து, அந்த செல்லைப் பட்டினி போடுகிறது. இப்போதுள்ள மருந்து பாக்டீரியாவிலிருந்து வருகிறது. சில குழந்தைகளுக்கு அது ஒவ்வாமையைத் தருகிறது. அதனால்தான் மாற்று தேடுகிறார்கள். பாசிப் பூஞ்சைகள் பலவற்றிலும் இந்த நொதி இருப்பது தெரியவந்திருக்கிறது. ஆய்வகத் தட்டில் பூஞ்சையைச் சுற்றி இளஞ்சிவப்பு நிறம் படர்ந்தால், நொதி வேலை செய்கிறது என்று பொருள். ஆனால் தட்டில் நிறம் மாறியதுமே மருந்து கிடைத்துவிடாது. அதற்குப் பல ஆண்டு உழைப்பு வேண்டும்.

அதற்குள் பாசியே இல்லாமல் போய்விட்டால்? 2021 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்குப் பாசிப் பூங்கா அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் பேச்சு முழுக்க எத்தனை டன், எவ்வளவு ஏற்றுமதி என்பதிலேயே நிற்கிறது. வெளிநாட்டு இனமான கப்பாபைகஸ் ஒன்றையே வளர்த்துக்கொண்டு, மன்னார் வளைகுடாவின் இயற்கைப் பாசிப் படுகைகளைக் கவனிக்காமல் விட்டால், உள்ளே இருப்பது என்னவென்று பார்ப்பதற்கு முன்பே அதை இழந்துவிடுவோம்.

செய்ய வேண்டியது பெரிய விஷயமில்லை. பூங்காத் திட்டத்தோடு சேர்த்தே, உள்ளூர்ப் பாசிகளின் பூஞ்சைகளைச் சேமிக்கும் ஒரு வங்கி வேண்டும். எந்தப் பாசி, எந்தக் கரை, எந்த மாதம் என்ற பதிவு வேண்டும். நாளைக்கு ஒரு நிறுவனம் இதில் காசு பார்த்தால், 2002 பல்லுயிர்ச் சட்டப்படி அதில் ஒரு பங்கு கரைக்கு வர வேண்டும். மரிக்கொழுந்துப் பாசி எங்கே விளையும், கட்டக்கோரை எப்போது தழைக்கும் என்று கடலில் மூழ்கி மூழ்கியே கற்றவர்கள் ராமநாதபுரத்துப் பெண்கள். அந்தப் பங்கு அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.