ஆட்டின் கொழுப்பும் வேலிக் கதியாலும்

ஆடு வளர்க்கும் குடும்பங்களுக்கு இன்று பலவிதமான ஆலோசனைகள் கிடைக்கின்றன. சோயாத் தூள், அசோலா, புழுத்தூள் போன்ற மாற்றுப் புரதத் தீவனங்களைக் கொடுத்தால் ஆடு விரைவில் நிறை கூடும் என்பதுடன், இறைச்சியின் கொழுப்பும் இருதயத்துக்கு உகந்ததாக மாறிவிடும் என்றும் சொல்லப்படுகிறது. பூநகரியில் ஒரு குடும்பம் கடன்பட்டுத் தீவனம் வாங்கு முன்னர், இக்கூற்றில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை நாம் ஆராய்தல் அவசியம்.

கோழியும் பன்றியும் தின்னும் எண்ணெயின் தன்மை பெரும்பாலும் அவற்றின் கொழுப்பிலும் படிகிறது. ஆடோ இரைமீட்கும் விலங்கு. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள், தீவனத்தில் உள்ள நிரம்பாத கொழுப்பமிலங்களுடன் ஐதரசனைச் சேர்த்து, அவற்றுள் பெரும்பகுதியை நிரம்பியவையாக மாற்றிவிடுகின்றன. ஒரு சிறு பகுதியே மாற்றமின்றித் தப்பிச் செல்கிறது. ஆகவே நல்ல எண்ணெய் உள்ள தீவனத்தைக் கொடுத்தால் நல்ல கொழுப்பு வந்துவிடும் என்று கணக்குப் போட முடியாது.

தீவனத்துக்குத் தீவனம் வேறுபாடும் உண்டு. தேங்காய்ப் புண்ணாக்கில் எஞ்சியிருக்கும் எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு முன்னரே நிரம்பிய கொழுப்பு. இன்று பெரிதாகப் பேசப்படும் கறுப்புப் படைவீரன் ஈயின் புழுவிலும் தேங்காய் எண்ணெயில் உள்ள லோரிக் அமிலமே மிகுதி. இவை புரதத்துக்கு உதவும். கொழுப்பைத் திருத்த உதவா. பச்சை இலையில் கொழுப்பு மிகக் குறைவு. ஆனால் அக்கொழுப்பில் ஏறத்தாழப் பாதி, ஒமேகா-3 வகையைச் சேர்ந்த லினோலெனிக் அமிலம். குழை தின்று வளர்ந்த ஆட்டின் இறைச்சியில், தானியத் தீவனம் தின்ற ஆட்டிலும் பார்க்க இவ்வமிலம் கூடுதலாக இருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை. சில இலைகளில் உள்ள தனின் என்னும் துவர்ப்புப் பொருளும் நுண்ணுயிர்களின் வேலையைத் தாமதப்படுத்தி இதற்குத் துணைசெய்கிறது.

எனினும் இதை மிகைப்படுத்தலாகாது. கொழுப்பு நீக்கிய 100 கிராம் பச்சை ஆட்டிறைச்சியில் கொழுப்பு 2 முதல் 3 கிராம் வரையே உண்டு. ஆடு தன் கொழுப்பைக் குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றியே அதிகம் சேர்க்கிறது. பங்கு பிரிக்கும்போதே அதைக் கையால் அகற்றிவிடலாம். எஞ்சிய இரண்டு கிராமின் தன்மையைச் சற்றே மாற்றுவதற்காக ஒரு மூட்டை தீவனம் வாங்குவது நியாயமா? கறிச்சட்டியில் ஊற்றும் தேங்காய்ப்பாலின் கொழுப்பு இதனிலும் பன்மடங்கு. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் யாழ்ப்பாணச் சந்தை எமக்கு அண்மித்துவிட்டது. அங்கும் ஆட்டின் நிறைக்கே விலை. கொழுப்பமிலத்துக்கு ஒரு சதமும் கூடக் கிடைப்பதில்லை.

எமது ஆடுகளின் உண்மையான குறை, வரட்சி மாதங்களில் ஏற்படும் புரதக் குறைவே. வைக்கோலில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவே புரதம். சீமைக்கிளுவைக் குழையில், உலர்நிறைப்படி, இருபதுக்கு மேல். தேவைக்கு மிஞ்சிய புரதமும் இறைச்சியாவதில்லை. அது யூரியாவாகிச் சிறுநீருடன் கழிந்துபோகும். அந்தத் தேவையை வேலியே தீர்க்கும்போது காசு கொடுத்துக் கழிப்பானேன்?

2009இன் பின்னர் மீள்குடியேறிய வன்னிக் குடும்பங்கள் பலவற்றுக்கு வாழ்வாதார உதவியாக ஆடுகள் வழங்கப்பட்டன. அந்த ஆடு எதைத் தின்னும் என்று சிந்தித்தவர்கள் எத்தனை பேர்? முட்கம்பி வேலி ஆட்டுக்குத் தீனி போடாது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் விலைத் தீவனத்தை நம்பியிருந்தோர் பட்ட பாட்டையும் நாம் மறக்கவில்லை. ஆடு கொடுக்கும் எந்த நிறுவனமும் அதற்கு முந்திய மாரியிலேயே கதியால்களைக் கொடுக்க வேண்டும் என்பதே எமது கருத்து.

வளவைச் சுற்றிச் சீமைக்கிளுவையும், உவர் ஏறிய பக்கத்தில் பூவரசும் நடுவோம். சீமைக்கிளுவையின் மணத்தை ஆடு முதலில் வெறுக்கும். ஒரு நாள் வாடவிட்டுக் கொடுத்தால் பழகிவிடும். இப்பில் இப்பில் இலையில் மிமோசின் என்னும் நச்சு உண்டு. ஆதலால் அது மொத்தத் தீனியில் மூன்றிலொரு பங்கை மிஞ்சலாகாது. புரதமும் கிடைக்கும், கொழுப்பில் கிடைக்கக்கூடிய சிறு நன்மையும் செலவின்றியே வந்து சேரும்.