பதிவேட்டில் யார் பெயர்?

பனமலை என்றாலே பனை. மலைமேல் பல்லவன் இராசசிம்மன் எடுத்த கோயிலில் இருக்கும் தாளகிரீசுவரர் பெயரிலும் பனை இருக்கிறது. ஆனால் 1987 முதல் தமிழ்நாட்டில் பனையில் கள் இறக்கினால் குற்றம். அரசே நடத்தும் டாஸ்மாக் கடையில் குவார்ட்டர் வாங்கிக் குடித்தால் குற்றமில்லை. எது போதை, எது வருமானம் என்பதை அரசு முடிவு செய்கிறது. யார் குற்றவாளி என்பதும் அதோடு சேர்ந்தே முடிவாகிவிடுகிறது. நாம் பேச வந்தது இந்த இரண்டாவது முடிவைப் பற்றி.

2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயச் சாவு. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் கூலி வேலைக்குப் போகும் தலித் மக்கள். அந்த மாத முடிவிலேயே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டது. சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை, கூடவே அபராதம். விஷம் விற்றவனைத் தண்டிப்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை, செத்தது நம் மக்கள். ஆனால் மெத்தனால் காலனியில் காய்ச்சும் பொருள் அல்ல. அது ஆலையிலிருந்து, கிடங்கிலிருந்து, லாரியில் வருகிறது. ஆலைக்கும் காலனிக்கும் நடுவே எத்தனையோ கைகள் இருக்க, போலீஸ் ஜீப் மட்டும் ஏன் முதலில் காலனி வாசலிலும் இருளர் குடிசையிலும் வந்து நிற்கிறது?

இது நேற்று வந்த பழக்கமில்லை. 1871இல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் உள்ளிட்ட பல சமூகத்தார் பிறப்பாலேயே குற்றவாளிகள் ஆனார்கள். கைரேகை கொடுக்க வேண்டும், ஊரை விட்டுப் போக அனுமதி கேட்க வேண்டும். சென்னை மாகாணத்தில் 1947இல் அந்தச் சட்டம் நீங்கியது. அடுத்த ஆண்டே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று வேறு பெயரில் ஒன்று வந்து உட்கார்ந்தது. சட்டம் மாறியது, ஸ்டேஷன் அலமாரியில் இருந்த நோட்டு மாறவில்லை.

ஐரோப்பாவில் ரோமா என்றொரு மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து போனவர்கள். அவர்கள் மொழியில் தண்ணீருக்கு இன்றும் பானி என்றுதான் பெயர், நம்மூர்க் கடையில் விற்கும் பானி பூரியில் இருக்கும் அதே பானி. இட்லரின் படை அவர்களையும் இலட்சக்கணக்கில் கொன்றது. 2013இல் சுவீடன் நாட்டின் தென்பகுதிப் போலீசார் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ரோமாக்களின் பெயரை ஒரு இரகசியப் பதிவேட்டில் வைத்திருந்தது செய்தித்தாள் ஒன்றால் வெளியே வந்தது. அதில் பச்சைக் குழந்தைகளின் பெயரும் இருந்தது. குழந்தை என்ன குற்றம் செய்யும்? ரோமாவாகப் பிறந்ததே பதிவுக்குப் போதுமானதாக இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போய், அரசிடமிருந்து இழப்பீடு பெற்றார்கள். அவ்வளவு வளர்ந்த நாட்டிலேயே அப்படி என்றால், இங்கே அலமாரியைத் திறந்து பார்க்க யாருக்குத் தைரியம் வரும் என்று கேட்பவர்கள் உண்டு.

வந்திருக்கிறது. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், போலீசார் வைத்திருக்கும் குற்றச் சரித்திரப் பதிவேடுகளில் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பெயர்கள் யோசனையின்றி ஏற்றப்படுவதைச் சுட்டிக்காட்டி, எல்லா மாநிலங்களும் இதைக் கவனிக்கச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி, சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் செல்லாது என்றது.

தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது. நம் பக்கத்தில் நடந்ததை மறக்க முடியாது. 2011 நவம்பரில், அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த திருக்கோவிலூர் அருகே டி.மண்டபம் கிராமத்தில் திருட்டு வழக்கு விசாரணை என்று இரவில் போன போலீசார், இருளர் பெண்கள் நான்கு பேரைக் கொண்டுபோய்ப் பாலியல் வன்முறை செய்ததாக வழக்கானது. பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றவர்கள் திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டி இத்தனை ஆண்டு உழைத்ததற்கு இத்தகைய இரவுகளே காரணம். திருட்டு வழக்கில் நடந்தது சாராய வழக்கில் நடக்காது என்று எப்படி நம்புவது? குண்டர் சட்டத்தில் சாராயம் விற்பவரையும் போதைப்பொருள் குற்றவாளியையும் விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்க முடியும் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படிக்கிற பிள்ளைகள் சிலவற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், கைது குறிப்பில் குடும்பத்தார் அல்லது ஊரார் ஒருவர் கையொப்பம் வாங்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு பெண்களைக் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான நேரத்திலும் பெண் போலீசும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினர் மீது பொய் வழக்குப் போடுவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம். வக்கீலுக்குக் காசில்லை என்று சும்மா இருக்க வேண்டாம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. கருணாபுரத்துக்குப் பிறகு நம் மாவட்டத்தில் மதுவிலக்கு வழக்கில் கைதானவர்கள் எத்தனை பேர்? அவர்களில் தலித், இருளர், குறவர் எத்தனை பேர்? மெத்தனால் விற்ற ஆலைக்காரர், லாரி முதலாளி எத்தனை பேர்? சரித்திரப் பதிவேட்டில் யார் யார் எந்தச் சமூகம்? உச்ச நீதிமன்றம் சொன்னபடி எத்தனை பெயர்கள் நீக்கப்பட்டன? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி இதைக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். பனமலையிலோ செஞ்சியிலோ கல்லூரியில் படிக்கும் யாராவது மனு எழுதிப் போடுங்கள். வருகிற பதிலை, பதில் வராவிட்டால் வராத கதையை, இந்தப் பத்தியில் போடுகிறோம்.